வலி இல்லாத கல்

டாக்டர் எவரிஸ்தோ மொன்தேரோ என்னைத் துரத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நாற்பது பேர் முன்னால். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. இலோய்லோ நகரத்தில் சாந்தா எமிலியா மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். அவர் அந்தத் துறையின் தலைவர்.

முந்தைய வாரம் ஒரு பெண் இறந்திருந்தாள். பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன். வெட்டக் கூடாத குழாயை வெட்டியது மொன்தேரோவின் கை. நான் எதிர்ப்பக்கம் நின்று ஈரலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். "சார், அது பெரிய நாளம் மாதிரி தெரியுதே" என்று சொல்லவும் சொன்னேன். "பிடிக்கச் சொன்னதைப் பிடி" என்றார். பத்தாம் நாள் அவள் போய்விட்டாள். இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் ஆபரேஷன் குறிப்பைத் திரையில் போட்டார்கள். அறுவை செய்தவர், சால்வசியோன் பண்டோல், அதாவது நான். உதவியவர், எ. மொன்தேரோ. இரண்டு பெயர்களும் இடம் மாறியிருந்தன.

"சார், இது தப்பா எழுதியிருக்கு. நான் உதவிக்குத்தானே நின்னேன்?"

என்னைத் திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பார்த்தீங்களா? ஆளைக் கொன்னாச்சு, இப்போ பழியையும் இறக்கி வைக்கணுமாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் கை இருமல் மருந்து எழுதத்தான் லாயக்கு. கடலோரத்துல டாக்டர் இல்லாத ஹெல்த் சென்டர் எத்தனையோ கிடக்கு. அங்க போய் 'எத்தனை நாளா சளி'ன்னு கேட்டுட்டு உட்காரு. உன்னால ஒருத்தரும் சாக மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் நான்கு பேர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் கல்லூரியில் ஊர் மருத்துவத்துக்கு என்று ஒதுக்கியிருந்தது மொத்தம் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தையும் தூங்கி எழும் விடுமுறை என்றே நினைத்தோம். மதிப்பெண் வாங்கினவர்கள் சிறப்பு மருத்துவத்துக்குப் போவார்கள், வாங்காதவர்கள் ஊர்ப்பக்கம் போவார்கள். அப்படிப் போனவர்களைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன்.

ஆறு வாரம் கழித்து அந்திக்கே மாகாணத்துக் கடற்கரையில் திபுலாங் என்ற ஊரின் சுகாதார நிலையத்துக்கு நான் ஒரே டாக்டராகப் போய்ச் சேர்ந்தேன். பதினொரு கிராமங்கள், ஒரு நர்ஸ், இரண்டு மருத்துவச்சிகள், ஒரு பழைய ஜீப். நர்ஸின் பெயர் நெனிங். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் வாரமே சொல்லிவிட்டார்.

"டாக்டர், அந்த முகத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்க. ஊசியைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே குழந்தைங்க அழ ஆரம்பிச்சிடுது."

"என் முகம் இதுதான் நெனிங் அக்கா."

"இல்ல, இது யாரையோ அடிக்கப் போற முகம். அந்த ஆள் இங்க இல்ல. இங்க இருக்கிறது நாங்கதான்."

வேலையைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கற்றுக்கொண்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மூச்சு வாங்கும் கிழவரின் இதயம் கெட்டிருக்கிறதா, நுரையீரல் கெட்டிருக்கிறதா, இல்லை மகன் மணிலாவுக்குப் போனதிலிருந்து சோறு இறங்கவில்லையா என்பதை ஸ்கேன் எதுவும் இல்லாமல், கையையும் காதையும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மொன்தேரோவால் அதைச் செய்திருக்கவே முடியாது. ஆனால் அந்த எண்ணம்கூட அவரிடம்தான் போய் முடிந்தது பாருங்கள். தினமும் ஏதாவது ஒரு வேளையில் அவர் என் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். பல் துலக்கும்போது அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். வருடங்கள் போகப் போக அந்தப் பதில்கள் கூர்மையாயினவே தவிர, குறையவில்லை.

மூன்றாம் வருடம் வலை பின்னும் ஒருவர் காய்ச்சலுக்கு வந்தார். சட்டையைத் தூக்கியபோது வயிற்றின் வலப்பக்கம் புதுத் தழும்பு தெரிந்தது.

"இது எப்போ?"

"போன மாசம் டாக்டரம்மா. இலோய்லோவிலிருந்து பஸ் வந்துச்சே, இலவச முகாம். வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு குடல்வால் வீங்கியிருக்குன்னாங்க. கையோட கூட்டிட்டுப் போய் எடுத்துட்டாங்க."

"அப்போ வலி இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "முந்தின நாள் கொஞ்சம் கள்ளு அதிகமாயிடுச்சு. அந்த வலிதான்."

அந்தப் பஸ்ஸை எல்லோருக்கும் தெரியும். சாந்தா எமிலியாவின் வெள்ளை பஸ். பக்கவாட்டில் ஆளுயர மொன்தேரோ சிரித்துக்கொண்டிருப்பார். வருடத்துக்கு நான்கு தடவை எங்கள் கரைக்கு வரும். பயிற்சி டாக்டர்கள் இறங்கி, கூடைப்பந்து மைதானத்தில் மேஜை போட்டு, வருகிற எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பார்கள். மேயர் மாலை போடுவார். மாலையில் பஸ் திரும்பும்போது எட்டுப் பேரோ பத்துப் பேரோ ஆபரேஷனுக்காக அதில் ஏறியிருப்பார்கள்.

அறைக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் அந்தப் பயிற்சியில் இருந்தவள் அல்லவா? தேர்வு எழுத வேண்டுமானால் ஒவ்வொரு பயிற்சி டாக்டரும் இத்தனை குடல்வால், இத்தனை பித்தப்பை என்று தன் கையால் செய்து காட்ட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் தேர்வு இல்லை. துறைக்கே எண்ணிக்கை குறைந்தால் பயிற்சி தரும் உரிமை போய்விடும். இலோய்லோவில் புதிதாக இரண்டு மருத்துவமனைகள் வந்து நோயாளிகள் பிரிந்துபோன பிறகு, மொன்தேரோவுக்கு வயிறுகள் தேவைப்பட்டன. அவற்றை எங்கள் கரையிலிருந்து அள்ளிக்கொண்டு போனார்.

வலைக்காரரிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினேன். "என் ஆபரேஷன் காகிதங்களின் நகலை என் ஊர் டாக்டருக்கு அனுப்பவும்." சாந்தா எமிலியாவின் ஆவண அறையில் இருந்தவர்களுக்கு இது சாதாரணக் கடிதம். ஹெல்த் சென்டர்காரர்கள் எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டுதானே இருப்பார்கள். மூன்று வாரத்தில் நகல் வந்தது. வெட்டி எடுத்த குடல்வாலைப் பரிசோதித்தவர் கடைசி வரியில் எழுதியிருந்தார், 'நோய்க்கூறு எதுவும் இல்லை. இயல்பானது.'

அந்தக் காகிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்த மனிதருக்காக நான் கொதித்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது மகிழ்ச்சி.

அதன் பிறகு தழும்போடு வரும் ஒவ்வொருவரிடமும் கடிதம் வாங்கினேன். குடல்வாலுக்கு அடுத்தபடி பித்தப்பை. பித்தப்பையில் கல் இருப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பெரும்பாலோருக்கு அது ஒரு தொந்தரவும் தராது, சாகும்வரை அப்படியே கிடக்கும். வலி இல்லாத கல்லைத் தொடக் கூடாது என்பது மாணவனுக்குக்கூடத் தெரியும். பஸ்காரர்கள் ஸ்கேனில் கல்லைக் கண்டதும் ஆளை ஏற்றிவிடுவார்கள். நான் எல்லா நகல்களையும் இரும்பு அலமாரியில் 'காசநோய் - பழையவை' என்று எழுதிய பெட்டியில் போட்டு வைத்தேன். அந்தப் பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள்.

நெனிங் அக்காவுக்கு மட்டும் தெரியும். நாற்பது காகிதம் சேர்ந்ததும் கேட்டார்.

"இப்பவே கொண்டு போய்க் கொடுத்துடலாமே டாக்டர்?"

"பத்தாது. நாற்பதுன்னா தவறு நடந்துடுச்சுன்னு சொல்லித் தப்பிச்சுடுவார்."

"எத்தனை இருந்தா பத்தும்?"

"தப்பிக்க முடியாத அளவுக்கு."

அவர் அலமாரியைப் பார்த்தார். "அது வரைக்கும் பஸ் வந்துட்டே இருக்கும், இல்லையா?"

நான் பெட்டியை உள்ளே தள்ளி அலமாரியைப் பூட்டினேன். 

எனக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மாகாணத்தின் ஊர் டாக்டர்கள் சங்கத்தில் யாரும் விரும்பாத செயலாளர் வேலையை எடுத்துக்கொண்டேன். பதினேழு ஊர்களுக்கும் பஸ்ஸிலும் படகிலும் போனேன். கருவாடும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு டாக்டரிடமும் பேசினேன். பலரும் என்னைப் போல எங்கோ கேலி செய்யப்பட்டு வந்தவர்கள். அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களும் கடிதங்கள் வாங்கி அனுப்பினார்கள். ஐந்து வருடத்தில் என்னைத் தலைவியாக்கினார்கள். அறுவை சிகிச்சைப் பயிற்சியை அங்கீகரிக்கும் குழு மணிலாவிலிருந்து வரும்போது, ஊர் மக்களின் தரப்பிலிருந்து ஒருவர் அதில் உட்கார வேண்டும் என்று விதி உண்டு. எங்கள் மாகாணத்தில் அந்த நாற்காலி சங்கத் தலைவருக்கு. அதைத் தெரிந்துகொண்டுதான் செயலாளர் வேலையையே எடுத்தேன்.

குழு நான் திபுலாங்குக்கு வந்த பன்னிரண்டாம் வருடம் மார்ச் மாதம் வருவதாக இருந்தது. ஜனவரியில் பெட்டியில் இருநூற்றுப் பதிமூன்று பேரின் காகிதங்கள் இருந்தன. போதும். யாரைக் கேட்டாலும் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரே ஒரு குறை என்னை அரித்துக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதிமூன்று பேரும் ஆபரேஷன் முடிந்த பிறகு எங்களிடம் வந்தவர்கள். 'முன்னாடி வலி இருந்தது, இப்போது மறந்துவிட்டார்கள்' என்று மொன்தேரோ சொல்லலாம். போவதற்கு முன்பே நான் பரிசோதித்து, 'ஆபரேஷன் தேவையில்லை' என்று தேதி போட்டு எழுதிய ஒரு ஆள் இருந்தால் அந்த வாயையும் அடைத்துவிடலாம்.

பிப்ரவரி நான்காம் தேதி பெலென் வந்தாள்.

பெலெனுக்கு நாற்பத்தொரு வயது. வீட்டு முற்றத்தில் மீனைப் பிளந்து காயவைத்து விற்பவள். கணவன் தாசியோ கடலுக்குப் போகிறவன். அவளுடைய மூன்று பிரசவங்களில் கடைசியை நான்தான் பார்த்தேன். கையில் பஸ்காரர்கள் கொடுத்த ஸ்கேன் படம்.

"டாக்டரம்மா, என் வயித்துல மூணு கல்லு இருக்காம். முத்து மாதிரி இருக்குன்னு தாசியோ கிண்டல் பண்றார், எடுத்து வித்துடலாமாம். வெள்ளிக்கிழமை பஸ்ல வரச் சொல்லியிருக்காங்க. இப்போல்லாம் ஊர் டாக்டர் சீட்டு வேணுமாம். போகட்டுமா?"

அவளைப் படுக்கவைத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வலிக்கிறதா, தோளுக்கு வலி ஏறுகிறதா, காய்ச்சல் உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டேன். எதுவும் இல்லை. வயிறு பஞ்சு போல இருந்தது. அவளுடைய அட்டையில் எழுதினேன், 'வலி இல்லை. ஆபரேஷன் தேவையில்லை.' தேதி போட்டேன். நேரமும் போட்டேன்.

"சொல்லுங்க டாக்டரம்மா, போகட்டுமா வேண்டாமா?"

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க போன்னா போறேன், வேணாம்னா மீனைக் காயப்போடப் போறேன்."

நெனிங் அக்கா தடுப்பூசிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இலவசம்தானே," என்றேன் நான். "போயிட்டு வாயேன்."

சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவள் போனதும் நெனிங் அக்கா அட்டையை எடுத்துப் படித்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். அன்று முழுக்க என்னோடு சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பித்தப்பையை எடுத்தால் தையல் போட்டு ஐந்து நாளில் வந்துவிடுவாள். இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அப்படித்தான் வந்தார்கள். ஒரு தழும்பு. அதற்குப் பதிலாக அந்த ஆள் விழுவார், பஸ் நிற்கும். ஊருக்கே நல்லது. இப்படிச் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண் அதே ஆபரேஷனில் அதே கையால் இறந்ததை நான் மட்டும்தான் நேரில் பார்த்திருந்தேன் என்பதை அப்போது நினைக்காமல் இருந்துவிட்டேன். நினைக்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டேன் என்பதே சரி.

பெலென் மூன்று வாரத்தில் வந்தாள். தாசியோ தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தான். வாசலில் வெயிலில் நின்றபோதே தெரிந்துவிட்டது. கண் மஞ்சள், தோல் மஞ்சள், உடம்பெல்லாம் சொறிந்த கீறல்.

"ஃபோன் பண்ணினேன் டாக்டரம்மா," என்றான் தாசியோ. "சரியாயிடும், தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுன்னாங்க."

அதே குழாய். அதே வெட்டு. கையில் கத்தியை வைத்திருந்தது பயிற்சி டாக்டரா மொன்தேரோவா என்பது பிறகு தெரியவந்தது. மொன்தேரோதான். அன்றைக்கே செபு தீவில் எனக்குத் தெரிந்த ஒரு அறுவை மருத்துவரைப் பிடித்து, படகில் ஏற்றி, நானே கூடப் போய்ச் சேர்த்தேன். பிழைத்துக்கொண்டாள். ஈரலிலிருந்து பித்தம் வெளியேற விலாவில் குழாய் போட்டு, அதன் முனையில் ஒரு பையைக் கட்டினார்கள். வீக்கம் வற்றின பிறகு பெரிய ஆபரேஷன் என்றார்கள், மாதக்கணக்காகும் என்றார்கள். நான்கு நாள் அவள் படுக்கை அருகில் இருந்தேன். "உங்களைப் போல யாரு பார்ப்பாங்க?" என்று தாசியோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஐந்தாம் நாள் இலோய்லோவுக்குக் கிளம்பினேன். குழு வரும் நாள் அது. பெலெனின் அட்டை கோப்பின் மேலேயே இருந்தது.

அரங்கத்தில் நாற்காலிகளை மாற்றியிருந்தார்கள். மற்றபடி அதே அரங்கம். மொன்தேரோவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குழுவினர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். என் பெயர் அட்டையைப் படித்தார். ஒரு நொடி தாமதம், பிறகு வாய் முழுக்கச் சிரிப்பு.

"அட, நம்ம பண்டோல்! ஹெல்த் சென்டர்லயா இருக்க? எப்படிம்மா, மீன்காரங்களுக்கு இருமல் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு சார். இப்போ வேற தொந்தரவு. அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

பயிற்சி டாக்டர்களும் பேராசிரியர்களுமாக அறுபது பேர் இருந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்தேன். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு ஊராக வாசித்தேன். ஆளின் பெயர், தேதி, எந்தப் பயிற்சி டாக்டரின் எண்ணிக்கையில் அந்த ஆபரேஷன் சேர்ந்தது, வெட்டி எடுத்ததைப் பரிசோதித்தவர் என்ன எழுதினார். எண்பத்தாறு குடல்வால். நோயில்லாதவை எண்பத்தாறு. பத்தாவது பெயருக்குள் சலசலப்பு அடங்கிவிட்டது. பக்கங்களைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. முப்பதாவது பெயரில் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் வாசித்துக்கொண்டே போனேன். நிறுத்தச் சொன்னார்கள். "இன்னும் பாதிகூட ஆகலை சார்" என்றேன்.

மொன்தேரோ எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "இவ யாருன்னு தெரியுமா உங்களுக்கு? ரெண்டாம் வருஷத்துல ஒரு பொம்பளையைக் கொன்னுட்டு ஓடினவ. அந்த ஆத்திரத்துல பேசறா."

"ஆத்திரம் இருக்கு சார், மறைக்கலை. ஆனா இந்தத் தாள்ல கையெழுத்து என்னுது இல்ல. உங்க பரிசோதனைக்கூடத்துது."

"வலி இருந்துச்சு. எல்லாருக்கும் வலி இருந்துச்சு. கிராமத்து ஜனங்களுக்குச் சொல்லத் தெரியாது."

அதற்காகத்தான் காத்திருந்தேன். பெலெனின் அட்டையைக் குழுத் தலைவர் முன் வைத்தேன். "பிப்ரவரி நாலு, காலை பத்து இருபது. நானே பார்த்தேன், வலி இல்லை. ஏழாம் தேதி இவர் வெட்டினார். இப்போ செபுவில் விலாவுல குழாயோட கிடக்கா. பித்தநாளம் துண்டு."

மொன்தேரோ வாயைத் திறந்தார்.  அந்த வாய் திறந்து திறந்து மூடியதை நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

மே மாதத்துக்குள் பயிற்சி நிறுத்தப்பட்டது. பதினான்கு பயிற்சி டாக்டர்கள் வேறு வேறு மருத்துவமனைகளுக்குச் சிதறினார்கள். ஒருத்தி எனக்கு எழுதினாள், "எங்க வாழ்க்கையில நாலு வருஷத்தை எரிச்சுட்டீங்க, சந்தோஷமா?"  பஸ் சாந்தா எமிலியாவின் பின்முற்றத்தில் நிற்கிறது, மொன்தேரோவின் படத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள் என்று ஒருவர் வந்து சொன்னபோது, அன்றைக்கு நெனிங் அக்கா உட்பட நிலையத்தில் எல்லோருக்கும் நூடுல்ஸ் சூப் வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். நெனிங் அக்கா கிண்ணத்தைத் தொடவில்லை.

"சூடு ஆறட்டும்னு பார்க்கிறீங்களா அக்கா?"

"பசியில்ல டாக்டர்."

ஆகஸ்டில் மொன்தேரோவின் உரிமத்தைப் பறிப்பதற்கான விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல பெலென் வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். பை சட்டைக்கு அடியில் புடைத்துத் தெரிந்தது. அரசுத் தரப்பு வக்கீல் அவளுக்கு உதவுவதாக நினைத்து, அட்டையை உரக்க வாசித்தார். "பிப்ரவரி நாலு, காலை பத்து இருபது. வலி இல்லை. ஆபரேஷன் தேவையில்லை. இதைத் தெளிவாக எழுதியது அம்மையாரின் ஊர் டாக்டர் பண்டோல்."

பெலென் தலை நிமிர்ந்தாள். வக்கீலை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார். அப்புறம் அவர் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் அவள் சரியாகப் பதில் சொன்னாள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மொன்தேரோவின் உரிமம் அன்று மாலையே போயிற்று. அவர் என்னைத் தாண்டிப் போனபோது தோள் சரிந்து, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். எத்தனையோ வருடம் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி. அதை நின்று பார்க்க முடியவில்லை. படிக்கட்டில் பெலென் காத்திருந்தாள்.

"தேவையில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா பெலென்."

"அதே நாள்தானே எனக்குச் சீட்டு கொடுத்தீங்க? அதே நேரம். நான் படுக்கையிலேர்ந்து எழுந்து செருப்பு மாட்டிட்டிருந்தேன், நீங்க எழுதிட்டிருந்தீங்க."

"ஆமா."

"போகட்டுமான்னு உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன் டாக்டரம்மா."

தாசியோ ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னடி பேசற? நம்மளைக் காப்பாத்தினவங்க அவங்க."

"சும்மா இருங்க." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "எதுக்கு அனுப்பினீங்க?"

பொய் சொல்ல எனக்கு எத்தனையோ வழி இருந்தது. அட்டையில் பிறகுதான் எழுதினேன் எனலாம். நீ ஆசைப்பட்டாய், தடுக்க மனமில்லை எனலாம். ஒரு நொடி நாக்கு அந்தப் பக்கம் புரண்டதும் உண்மை.

"அவரைப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு," என்றேன்.

 பெலென் சொன்னாள், "அந்த ஆளுக்கு என் பேருகூடத் தெரியாது. நான் அவருக்கு ஒரு வயிறு, அவ்வளவுதான். உங்களுக்கு என் பேரு தெரியும். என் பிள்ளைங்க பேரு தெரியும்."

தாசியோவுக்கு அப்போதுதான் புரிந்தது. என் கையைப் பிடித்து அழுதவன். அவன் என்னை அடித்திருந்தால் நான் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் பெலெனின் முழங்கையைப் பிடித்து, படி படியாக இறக்கிக் கூட்டிப் போனான்.

அடுத்த மாதம் பெலென் என் மேல் புகார் கொடுத்தாள். சங்கத்து டாக்டர்கள் வக்கீல் வைப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். நெனிங் அக்காவுக்குச் சாட்சி சம்மன் வந்தது. அதை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"நான் என்ன சொல்லணும் டாக்டர்?"

"என்ன பார்த்தீங்களோ அதை."

"அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும் நான். நீங்க சொன்னா அவ கேட்பான்னு விட்டேன். அந்தப் பொண்ணு என்னைத் தாண்டித்தான் வெளியில போச்சு. கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்."

"உங்க தப்பு இல்ல அக்கா."

"எது என் தப்புன்னு நீங்க சொல்ல வேண்டாம்," என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியது அந்த ஒரே தடவை.

நவம்பரில் அதே கட்டடத்தில், அதே மாடியில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெனிங் அக்கா பார்த்ததைச் சொன்னார், ஒன்றும் விடாமல், அழாமல். என்னிடம் கேட்டார்கள். பெலென் சொன்னது எல்லாம் நிஜம் என்றேன். நாற்பது காகிதம் சேர்ந்தபோதே புகார் கொடுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வெட்டப்பட்ட, பெலெனையும் சேர்த்து நூற்று எழுபத்து நான்கு பேருக்கும் நான் பொறுப்பு என்றும் சொன்னேன். அதை அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

நடுவில் இருந்த பெண்மணியின் முகம் இளகியது. "உங்களாலதான் அந்த மருத்துவமனையில நடந்தது வெளிய வந்துச்சு. இப்போ உண்மையையும் ஒத்துக்கறீங்க. இதையெல்லாம் நாங்க கணக்குல எடுத்துக்கணும்..."

பெலென் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "அவங்க பொய் சொல்லலை, அது நிஜம்தான். அதுக்காக விட்டுடாதீங்க."

விடவில்லை. ஒரு வருடம் நான் வைத்தியம் பார்க்கக் கூடாது, சங்கப் பதவியை விட வேண்டும் என்று தீர்ப்பானது. என் பழைய வழக்கை, அந்த இடம் மாறிய பெயர்களை, யாரும் எடுக்கவில்லை. சாந்தா எமிலியாவின் காகிதத்தில் அந்தப் பெண்ணைக் கொன்றவள் இன்றும் நான்தான். மொன்தேரோ தன் மகள் வீட்டில் பக்கோலோதில் இருப்பதாகவும், வாசலைத் தாண்டி வருவதில்லை என்றும் கேள்விப்படுகிறேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு இனிக்கிறது. இனிக்கக் கூடாது என்று சொல்பவர்கள் அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த அரங்கத்தில் நிற்கவில்லை. பெலெனை நினைத்தால் அந்த இனிப்பு வாயிலேயே கெட்டுப் போகிறது. இரண்டும் ஒரே நாளில், சில சமயம் ஒரே நிமிடத்தில் நடக்கிறது.

தீர்ப்பு நாளில் கடற்கரைக்குப் போக மதியம் ஒரே ஒரு பஸ்தான் இருந்தது. நான் ஏறியபோது பெலெனும் தாசியோவும் நடு இருக்கையில் இருந்தார்கள். எனக்கு இடம் அவர்களுக்கு நேர் பின்னால்தான். மலைப்பாதை வளைவுகளில் ஒன்றரை மணி நேரம் போன பிறகு பெலென் முனகினாள். பையின் மூட்டு கழன்று சட்டையில் பச்சையாக நனைந்துகொண்டிருந்தது. தாசியோ பதறிப்போய்த் துணியைத் தேடினான். அவன் கை வலைக்குப் பழகிய கை, குழாய் முனை அதில் நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அதற்குள் பாதி எழுந்துவிட்டேன்.

"வேண்டாம்," என்றாள் பெலென், திரும்பாமலேயே.

நான் உட்கார்ந்தேன். தாசியோ குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, செபு நர்ஸ்கள் சொல்லிக்கொடுத்தபடி முதலில் கையைச் சுத்தம் செய்தான், பிறகு குழாயை மடக்கிப் பிடித்தான், பிறகு மூட்டைத் திருகினான். மூன்றாவது தடவையில் பிடித்தது. அவன் சட்டையைக் கழற்றி அவள் மேல் போர்த்தினான். வெற்றுடம்போடு ஜன்னல் பக்கம் நகர்ந்து, காற்று அவள் மேல் படாமல் மறைத்து உட்கார்ந்துகொண்டான்.